நாற்பது வீடும் ஒரு ரேடன் குளிர்காலமும்

ரேடன் அளக்கிற தொழிலில் ஆட்களுக்குக் காட்ட எங்கள் கையில் ஒன்றுமே இல்லை: அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, சத்தமும் இல்லை.

முன்பின் தெரியாதவர்களின் வீட்டு மணியை அடித்து, "ஐந்து நிமிடம் கதைக்கலாமா?" என்று கேட்டுச் சம்பளம் வாங்கியவர்கள் இதைப் படித்தால் நான் சொல்லாமலே பாதி விளங்கிவிடும். காப்புறுதி விற்றவர்கள், மீட்டர் வாசித்தவர்கள், கணக்கெடுப்புக்குப் போனவர்கள் எல்லோரும் என் ஆட்கள்தான். திரைச்சீலை அசையும், கதவு திறக்காது. நாய் மட்டும் நம்மை வரவேற்கும். உங்களுக்குத் தெரியாதது ரேடன் மட்டும்தான் என்றால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது நிலத்துக்கு அடியிலிருந்து வருகிற ஒரு வாயு. வீட்டுக்குக் கீழே நிலத்துக்குள் இருக்கும் பேஸ்மென்ற் தரையில் உள்ள வெடிப்பு, குழாய் நுழையும் ஓட்டை எல்லாவற்றாலும் ஏறி வீட்டுக்குள் தங்கும். வெளியே போனால் காற்றோடு காற்றாகிவிடும். பூட்டிய வீட்டுக்குள் கனகாலம் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம்.

நான் சொல்லப் போவது ஒரு குளிர்காலத்துக் கதை. மொன்றியலில், புவாண்ட்-கிளேரைத் தாண்டி, சென் லூயி ஏரியைப் பார்த்தபடி ஒரு சின்னக் குடியிருப்பு. நாற்பது வீடு இருக்கும். முப்பத்தொன்பது வீட்டுக்கு நான் வேலைக்காகப் போனேன். ஒரு வீட்டுக்கு மட்டும் வயிற்றில் நெருப்போடு போனேன். அந்த வீட்டு பேஸ்மென்றில் பிலோமினா என்றொருத்தி ஆறு பிள்ளைகளை வைத்துக் கார்தெரி, அதாவது பிள்ளைக் காப்பகம், நடத்திக்கொண்டிருந்தாள். காலையில் தாய்தகப்பன் கொண்டுவந்து விட்டால் மாலை வரை அந்தப் பிள்ளைகள் அங்கேதான் சாப்பிட்டு, விளையாடி, நித்திரை கொள்ளும்.

பயப்படுகிற ஆள்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மொன்றியலுக்கு வந்து பதினாறு வருடம் அந்தப் பக்கத்து வீடுகளைத் துடைத்தேன். நான் துடைத்த வீடுகளில் ஒன்று ஜில் என்பவருடையது. வீடுகளின் அத்திவாரம் திருத்துவது அவருடைய தொழில். வீட்டுக்குள் ரேடன் அளவு எண்ணூறு பெக்கரல் வரை இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அரசாங்கம், இல்லை, இருநூறுக்கு மேலே போனால் திருத்துங்கள் என்று அளவைக் குறைத்தது. ஜில் உடனே ரேடன் அளக்கிற வேலையையும் தொடங்கினார். என் முழங்கால் இரண்டும் போய்விட்டதைக் கண்டு, "இனித் துடைக்க வேண்டாம், வீடு வீடாகப் போய் வில்லை வைக்கிறாயா?" என்று கேட்டார்.

வில்லை என்பது கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு வட்டப் பெட்டி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வெள்ளி நிற உறைக்குள் ஒட்டி வரும். உறையை வெட்டி வெளியே எடுத்து, ஆள் கதிரையில் இருந்தால் மூக்கு வருகிற உயரத்தில், ஜன்னலுக்குத் தூரமாக வைக்க வேண்டும். குளிர்காலத்தில் மூன்று மாதம் அப்படியே இருக்க வேண்டும். பிறகு எடுத்து, அதே உறைக்குள் போட்டு ஒட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் எண் வரும். இவ்வளவுதான் வேலை. ஆனாலும் நான் சொன்னேன், எனக்குப் படிப்பில்லை, பிரெஞ்சு அரைகுறை, பனியில் விழுந்துவிடுவேன், வில்லையை மாற்றி வைத்துவிடுவேன், நாய்க்குப் பயம் என்று. அவர் சான்ட்விச்சைத் தின்றபடி முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "முன்னே வைத்திருந்த ஆளுக்கு எதற்குமே பயமில்லை. ஒரு வில்லையைத் துணி காயவைக்கிற இயந்திரத்துக்கு மேலே வைத்துவிட்டு வந்தான். எனக்குப் பயப்படுகிற ஆள்தான் வேண்டும்."

மதாமின் இரண்டு கணவர்கள்

முதல் வீடே ஏரிக்கரையோடு இருந்தது. எண்பது வயதைத் தொட்ட ஒரு மதாம், உதட்டில் சாயம் பூசி, காதில் முத்துத் தோடு போட்டு, நான் வருவதற்காகவே உடுத்தியவர் போல நின்றார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை நான் பிரெஞ்சில் ஒப்பித்தேன். நிலத்துக்கு அடியிலே ஒரு வாயு இருக்கிறது மதாம், அது கண்ணுக்குத் தெரியாது மதாம், மெல்ல மெல்ல ஆளைக் கொல்லும் மதாம். சொல்லச் சொல்ல என் குரல்தான் நடுங்கியது. அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

பேஸ்மென்ற் படியில் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டவரும் அவர்தான். நான் வில்லையை வைத்து, இலக்கத்தை எழுதி, எழுதியது சரியா என்று மூன்று தரம் பார்த்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு என் தோளில் தட்டி, "இந்த வீட்டிலிருந்து இரண்டு புருஷன்மாரை வழியனுப்பியிருக்கிறேன். உன் வாயுவும் வேண்டுமானால் வந்து முயற்சி செய்து பார்க்கட்டும்" என்றார்.

பேராசிரியர் போட்ட கணக்கு

அடுத்த தெருவில் தமிழ்நாட்டுப் பேராசிரியர் ஒருவர். முப்பது வருடமாக இங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். தமிழ் முகத்தைக் கண்டதும் கதவை அகலத் திறந்து, உட்காரச் சொல்லி, தேநீர் தந்து, ரேடன் எதிலிருந்து பிறக்கிறது, எத்தனை நாளில் பாதியாகிறது என்று ஒரு மணித்தியாலம் எனக்கு விளங்கப்படுத்தினார். உண்மையைச் சொன்னால், அன்றைக்குத்தான் நானும் என் வேலையைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். கடைசியில் ஒரு தாளைக் காட்டினார். வீட்டின் நீளம், அகலம், சீமெந்தின் தடிப்பு, காற்றோட்டம் எல்லாம் போட்டுக் கணக்குச் செய்திருந்தார். "பாத்தீங்களாம்மா, நம்ம வீட்டுல வர வாய்ப்பே இல்ல. அளக்கறது வீண் வேலை" என்று சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

நான் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். கராஜ் பக்கத்துக் கதவு மெல்லத் திறந்தது. அவருடைய மனைவி, தலையில் துண்டோடு, கையால் கூப்பிட்டார். கிட்டப் போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவர் கணக்கு அவர்கிட்டயே இருக்கட்டும். கீழ அலமாரியில புத்தகத்துக்கு நடுவுல வச்சுட்டுப் போங்க. அந்தப் பக்கம் அவர் தூசி தட்டவே மாட்டார்."

நான் நல்லதென்று சொன்ன வீடு

பிலோமினா எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு வருகிறவள், மன்னார்ப் பக்கம். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுடைய கணவர் அன்ரன், டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டி ஏற்றுகிறார். ஐந்து வருடத்துக்கு முன் அவர்கள் வீடு தேடித் திரிந்தபோது, "எனக்குத் தெரிந்த வீடு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கு" என்று கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். அந்த வீட்டையும் நான் துடைத்திருக்கிறேன். பழைய சொந்தக்காரர் குளிருக்குப் பயந்து பேஸ்மென்ற் ஜன்னல் இடுக்கெல்லாம் பசை வைத்து அடைத்திருந்தார். ஜனவரியிலும் ஒரு கீற்றுக் காற்று உள்ளே வராது. "பிள்ளைகளை வைத்திருக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது, ஒரு குளிர் காற்று புகாது" என்று என் வாயாலேயே சொன்னேன். அவர்கள் வாங்கினார்கள். கார்தெரி தொடங்கினாள்.

ஆனால் காற்றுப் புகாத பேஸ்மென்ற்தான் ரேடனுக்குப் பிடித்த இடம் என்று ஜில் சொல்லித் தந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் வில்லையோடு போனேன். ஆறு பிள்ளைகளும் தரையில் இருந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், தரையோடு தரையாக. பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வில்லையை வைத்து, வெள்ளி உறையைப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டேன். எண் கூடினால் என்ன ஆகும் என்று பிலோமினா கேட்டாள். திருத்தும் வரை பிள்ளைகளைக் கீழே வைத்திருக்க முடியாது என்றேன். அவள் சிரிக்கவில்லை. "நீங்கள்தானே அக்கா பாத்துச் சொன்ன வீடு. பிழையா இராது" என்றாள்.

தலையை ஆட்டினால் போதும்

மார்ச்சில் வில்லைகளைச் சேகரித்து அனுப்பி, எண்கள் வரத் தொடங்கின. ஒரு வீட்டு எண்ணை இன்னொரு வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்பது ஜில்லின் கண்டிப்பான சட்டம். இதைத் தமிழர்கள் இருக்கிற தெருவில் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளின் பரீட்சை மார்க்கை ஆளுக்காள் விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்கள். ஒரு அண்ணை எனக்கு மீன் ரோல் கட்டித் தந்து கேட்டுப் பார்த்தார். இன்னொருவர் என் கையில் இருந்த தாளைத் தலைகீழாக வாசிக்கப் பார்த்தார்.

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் மட்டும் சட்டத்துக்கு மரியாதை கொடுத்தார். தன்னுடைய எண் தொண்ணூறு என்று கேட்டதும் ஆறுதலாக மூச்சு விட்டார். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டி, "அவையின்ரை நம்பரை நீங்கள் சொல்லவே வேண்டாம். எங்களுடையதைவிடக் கூடவோ குறையவோ எண்டு தலையை மட்டும் ஆட்டுங்கோ" என்றார்.

ஏழு

பிலோமினாவின் கடிதம் வந்த அன்று ஜில் கிங்ஸ்டன் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். பொறுக்க முடியாமல் நானே பிரித்தேன். எண் ஏழு. எழுபதா என்று பூச்சியத்தைத் தேடினேன். இல்லை, ஏழுதான். அலுவலகத்துக் கதிரையில் இருந்தபடியே சிலுவை போட்டுக்கொண்டேன். உடனே அவளுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். மாலையில் நான் கொண்டுபோய்க் கொடுத்த பிரதியை அவள் கார்தெரிக் கதவில் ஒட்டி, தாய்தகப்பன்மார் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஜில் வந்து, என் மகிழ்ச்சியைக் கேட்டு, கடிதத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் பார்த்தார். பிறகு ஜன்னலைக் காட்டி, "வெளியே அந்த மரத்தில் கட்டித் தொங்கவிட்டாலும் ஏழைவிடக் கூட வரும். இது எந்த வீட்டில் இருந்தது? போத்தலுக்குள்ளேயா?" என்று கேட்டார்.

உறைக்குள் மூன்று மாதம்

வில்லையை எடுக்கப் போன நாளை, பிலோமினா வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இருந்து யோசித்துப் பார்த்தேன். வைத்த இடத்திலேயே வைத்த மாதிரி இருந்தது. மூன்று மாதம் இருந்த பொருளில் ஒரு தூசி இருக்கவில்லை. கெட்டிக்காரி, துடைத்து வைத்திருக்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன். தூசி துடைத்தே பதினாறு வருடம் சம்பாதித்தவளுக்கு அப்போது மூளை வேலை செய்யவில்லை.

பிலோமினா வீட்டு முன்னறையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சோபா வாங்கிய நாளில் வந்த பொலித்தீனோடு இருக்கும். ரீவி ரிமோட்டுக்கு உறை, விளக்குக்கு உறை, சாப்பாட்டு மேசைக் கதிரைகளுக்கும் உறை. புதிய பொருள் வந்தால் அது வந்த உறையிலேயே இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டுப் பழக்கம். எங்கள் ஆட்கள் பல வீட்டிலும் அப்படித்தான், குறை சொல்லவில்லை. நான் மெதுவாகக் கேட்டேன், கீழே தட்டில் வைத்த வில்லை முழுநாளும் வெளியிலேதானே இருந்தது என்று. பிலோமினாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "வெளியிலையோ? நீங்கள் வைச்சிட்டுப் போன கையோடை நான் அதைத் திருப்பி உறைக்குள்ளை போட்டு டேப் ஒட்டிப்போட்டன். எடுக்க வாற அண்டுதான் பிரிச்சனான். மூண்டு மாதமும் ஒரு பிள்ளையின்ரை கை படேல்லை, அக்கா!"

கடிதம் கடிதம்தானே

ரேடன் நுழையக் கூடாது என்பதற்காகவே செய்த உறை அது. விளங்கப்படுத்தினேன். அவள் முகம் வெளிறியது. கீழே பிள்ளைகள் பிரெஞ்சில் பாடிக்கொண்டிருந்தது மேலே கேட்டது. கதவில் ஒட்டியிருந்த தாளைத் திரும்பிப் பார்த்து, "கடிதம் கடிதம்தானே அக்கா. முத்திரை இருக்கு. இனி ஆர் வந்து கேக்கப்போகினம்?" என்றாள். அவளைப் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு பிள்ளைகளை நம்பித்தான் அந்த வீடு ஓடியது. ஒருவர் கதைத்தால் மற்றவர் பிள்ளையை எடுப்பார், இரண்டு கிழமையில் கார்தெரி காலி. என் மனமும் ஒரு நிமிடம் அந்தக் கடிதத்தின் பக்கம்தான் சாய்ந்தது. சொல்லாமல் விட்டால் நான் சொன்ன வீடு நல்ல வீடாகவே இருந்துவிடும்.

ஆனால் கீழே போய்ப் பார்த்தேன். ஒரு சின்னன், இரண்டரை வயது இருக்கும், கன்னத்தைத் தரையில் வைத்துக் குப்புறப் படுத்துக் கார் உருட்டிக்கொண்டிருந்தது. மேலே வந்து கதவிலிருந்த தாளை நானே கிழித்தேன். ஒட்டு விடாததால் பாதிதான் வந்தது. திரும்ப அளக்க வேண்டும் என்றேன். பிலோமினா மிச்சப் பாதியை உரித்து என் கையில் தந்து, "நீங்கள் வீடு பாத்துச் சொன்னதும் காணும், அளந்து சொன்னதும் காணும், இனி வேண்டாம்" என்றாள்.

பச்சை எண்கள்

அதற்குப் பிறகு கோயிலில் கண்டால் பிலோமினா வேறு பக்கம் பார்த்தாள். அன்ரன்தான் ஜில்லுக்குப் போன் செய்து வரச் சொன்னார். ஏப்ரல் தொடங்கியும் குளிர் விடவில்லை, ஜன்னல்கள் இன்னும் பூட்டியே இருந்தன. மின்சாரத்தில் ஓடுகிற பெட்டி ஒன்று ஜில்லிடம் இருந்தது. ஒரு கிழமை வைத்தால் போதும், எண் பச்சையாக எரிந்து காட்டும். மூன்று மாதம் வைப்பது போல அவ்வளவு நம்பிக்கையானது அல்ல, ஆனால் மோசமா இல்லையா என்று சொல்லிவிடும். இந்தத் தரம் பெட்டியை எதற்குள்ளும் போடக் கூடாது என்று ஜில் எனக்கு நான்கு தரம் சொன்னார். நான் அன்ரனுக்கு எட்டுத் தரம் சொன்னேன்.

பிலோமினா பெட்டியைத் தொடவில்லை. அடுப்பில் பாலை வைத்த மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். பிள்ளைகளை முதல் நாளே மேலே ஏற்றிச் சமையலறைக்குள் நெருக்கியடித்து வைத்துக்கொண்டாள், யாரும் சொல்லாமல். ஏழாம் நாள் பிலோமினா, அன்ரன், நான் மூவரும் பெட்டியைச் சுற்றி நின்றோம். கிழமைச் சராசரி அறுநூற்றுப் பத்து. அரசாங்கம் சொன்ன இருநூற்றைப் போல மூன்று மடங்கு. அன்ரன் எண்ணை உற்றுப் பார்த்து, தலையைச் சொறிந்து, "எங்கட வேலையிலை பாரம் கூடின பெட்டி எண்டால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, ரெண்டு பேராத் தூக்குவம். இதுக்கும் ஒரு வழி இருக்கத்தானே வேணும், அக்கா?" என்றார்.

தாய்தகப்பன்மார்

வழி இருந்தது. தரையில் ஒரு துளை போட்டு, குழாய் இறக்கி, விசிறி பூட்டி, அடியில் இருக்கிற காற்றை வீட்டுக்குள் விடாமல் வெளியே இழுத்து விடுவது. ஆனால் அதற்கு முன் தாய்தகப்பன்மாருக்குச் சொல்ல வேண்டும், ஒட்டிய கடிதம் பிழை என்று. ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளை எடுக்க வந்த நேரம் எல்லோரையும் நிற்கச் சொன்னாள் பிலோமினா. என்னைக் கூப்பிடவில்லை, அன்ரன் கூப்பிட்டதால் போனேன். அவள் உறைக் கதையை மறைக்காமல் தானே சொன்னாள். தான் செய்த பிழை என்று சொன்னாள், என் பெயரை எடுக்கவில்லை. சொல்லும்போது இரண்டு கையாலும் சட்டை நுனியை முறுக்கிக்கொண்டே நின்றாள். இரண்டு குடும்பம் அப்போதே பிள்ளைகளின் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் ஆள் ஒருவர், "ஷெல்லடிக்குள்ளை இருந்து வந்த சனம், காத்துக்குப் பயப்பிடுறதோ?" என்று பகிடி விட்டார், ஒருவரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் பார்த்தது சில்வியைத்தான். கியூபெக்காரி, கார் உருட்டின அந்தச் சின்னனின் தாய். அவள் போனால் மற்றவர்களும் போவார்கள் என்பது தெரிந்ததுதான். அவள் என்னிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள், நான் அரைப் பிரெஞ்சிலும் கையிலும் பதில் சொன்னேன். கடைசியில் மகனின் சப்பாத்தை மாட்டிவிட்டு நிமிர்ந்து, "எங்கே கொண்டுபோய் விட்டாலும் ஒரு பேஸ்மென்ற்தான். எண் தெரிந்த பேஸ்மென்ற் இது ஒன்றுதான். திங்கட்கிழமை மேல் மாடிக்குக் கொண்டுவருகிறேன்" என்றாள்.

முன்னறை

சமையலறையில் கன நாள் வைத்திருக்க முடியாது. மேல் மாடியில் நான்கு பிள்ளைகளுக்குப் போதுமான இடம் என்றால் அந்த முன்னறை ஒன்றுதான். கோயிலிலிருந்து சுவாமியார் வந்தால் மட்டும் திறக்கிற அறை. ஞாயிற்றுக்கிழமை நான் உதவிக்குப் போனபோது பிலோமினா கத்தரிக்கோலோடு சோபாவுக்கு முன் நின்றுகொண்டிருந்தாள். பொலித்தீனில் பிள்ளைகள் வழுக்கி விழுவார்களாம். வெட்டத் தொடங்கினாள். சர்ரென்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. நான் மறுபக்கம் பிடித்து இழுத்தேன். அன்றைக்குத்தான் அவள் என்னோடு திரும்பக் கதைத்தாள், "இஞ்சாலைப் பிடியுங்கோ அக்கா" என்று, அவ்வளவுதான்.

சோபாவின் உண்மையான நிறம் பச்சை. அதுவரை நாங்கள் எல்லோரும் ஏதோ சாம்பல் என்று நினைத்திருந்தோம். அன்ரன் வேலையால் வந்து, வாசலில் நின்று பார்த்து, விமான நிலையத்துக் காற்சட்டையோடு அப்படியே போய் அதில் இருந்தார். பிலோமினா வெட்டிய பொலித்தீனைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு கையாலும் துணியைத் தடவிப் பார்த்து, "அஞ்சு வருசமா எங்கட வீட்டுச் சோபா. இண்டைக்குத்தான் நான் இதிலை முதல்முதலா இருக்கிறன்" என்றார்.

துளை

மே மாதம் ஜில் வந்து தரையைத் துளைத்தார். கோயில் ஆட்கள் நான்கு பேர் கட்டில், அலமாரி எல்லாம் தூக்கி ஒதுக்கிக் கொடுத்தார்கள். துளைக்கிற சத்தத்தில் கோப்பைகள் ஆடின. பேராசிரியரும் சத்தம் கேட்டு வந்துவிட்டார். அலமாரிப் புத்தகங்களுக்கு நடுவில் இருந்த வில்லைக்கு இருநூற்று எழுபது வந்து, கடிதம் மனைவியின் பெயருக்குப் போய், இரண்டு கிழமையாக அந்த வீட்டில் கணக்குப் போடும் தாளைக் காணவில்லை என்று அந்த அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். பேராசிரியர் ஒன்றும் தெரியாதவர் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு துளைக்குள் குனிந்து பார்த்தார்.

மண்ணையும் கல்லையும் ஜில் வாளியில் அள்ளினார். குழாயை இறக்கி, சுற்றிவரச் சீமெந்து பூசி, விசிறியைப் போட்டார். மெல்லிய முணுமுணுப்பு ஒன்று கேட்டது, அதன் பிறகு அதுவும் பழகிவிட்டது. பேராசிரியர் தொண்டையைச் செருமி, ஜில்லிடம் ஆங்கிலத்தில் விசிறியின் வேகம் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், யாருக்கும் கேட்காத மாதிரிச் சொன்னார்: "என் கணக்கு சரிதாம்மா. வீடுதான் தப்பா கட்டியிருக்காங்க. அடுத்த வாரம் நம்ம வீட்டுக்கும் இவரை வரச் சொல்லுங்க."

அடுத்த குளிர்காலம்

விசிறி போட்ட கிழமையே பச்சை எண் அறுபதுக்குள் இறங்கியது. பிள்ளைகள் கீழே போனார்கள். ஆனால் குளிர்காலத்தில் மூன்று மாதம் பார்த்தால்தான் ஜில் கையெழுத்துப் போடுவார். டிசம்பரில் திரும்பவும் வில்லை வைத்தேன். இந்தத் தரம் வெள்ளி உறையை ஆணியில் தொங்கவிடாமல் என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மூன்று மாதமும் நான் எதை நினைத்துக் கவலைப்பட்டேன் என்று பட்டியல் போட்டால் உங்களுக்கும் வருத்தம் வந்துவிடும். விசிறி நின்றிருந்தால்? குழாய் வாய் பனியில் அடைத்திருந்தால்? யாராவது வில்லையைக் கழுவியிருந்தால்? மூன்றாம் கிழமையே சாட்டுச் சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தட்டில் வில்லை இருந்தது. அதில் நல்ல தூசி. இவ்வளவு காலத்தில் ஒரு தூசியைக் கண்டு நான் மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை.

எண் வந்தது, நாற்பத்தெட்டு. இந்த முறை நான் பிரிக்கவில்லை, ஜில் பிரித்து, கண்ணாடியைத் துடைத்து, இரண்டு தரம் பார்த்து, பிறகுதான் என் கையில் தந்தார். நான் போன் செய்யவில்லை, நேரே கொண்டுபோனேன். பிலோமினா கடிதத்தை வாங்கி, எண்ணில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள், அழிகிறதா என்று பார்ப்பவள் மாதிரி. கதவில் ஒட்டினாள். போன இரண்டு பிள்ளைகளில் ஒன்று ஈஸ்டருக்குப் பிறகு திரும்ப வந்தது. மற்றப் பிள்ளையின் இடத்துக்குச் சில்வியின் சிநேகிதி தன் மகளைக் கொண்டுவந்தாள். ஆறு பிள்ளைகளும் நிறைந்துவிட்டார்கள், இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

ஜூன் மாதம் ஒரு நாள் பிலோமினா போன் செய்தாள். அவளுடைய தங்கச்சி லவாலில் வீடு வாங்கப் போகிறாளாம். வந்து பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம் பிலோமினா, நான் வீடு பார்த்துச் சொல்வதை விட்டுவிட்டேன் என்றேன். அவள் சிரித்தாள், ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. "வீட்டைப் பற்றி நீங்கள் வாயே திறக்க வேண்டாம், அக்கா. அந்தப் பச்சை நம்பர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சும்மா வாங்கோ."

என் சொல்லைக் கொஞ்சமும் நம்பாத, ஆனால் என்னைக் கூப்பிடாமலும் இருக்க முடியாத ஆட்கள் இப்படிப் பெருகிக்கொண்டே போவதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முன்னேற்றம்.